புது டிவி வாங்குமுன்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான முழுமையான படத்தர வழிகாட்டி

திருமலை வீதியிலோ, காத்தான்குடி பிரதான வீதியிலோ, கல்முனை, அக்கரைப்பற்று நகருக்குள்ளோ ஒரு ஷோரூமில் ஏறினால் சுவர் முழுக்க டிவிகள் மின்னும். பனிமலை, பஞ்சவர்ணக்கிளி, வெட்டின தோடம்பழம், கறுப்புப் பின்னணியில் ஓடும் நிறக்குழம்பு. எல்லாம் கொம்பனிகளே எடுத்து மெருகேற்றி அனுப்பின காட்சிகள். அவற்றைப் போட்டால் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து இரவுச் செய்தியைப் போட்டதும் வாசிப்பவரின் முகம் மெழுகு பூசின மாதிரி இருக்கும்.

பல மாதச் சேமிப்பையோ, சீட்டுக் காசையோ, கட்டாரில் இருந்து மகன் அனுப்பின பணத்தையோ கொடுத்து வாங்கும் சாமான் இது. எந்த டிவி நல்லது என்று பொதுவாகக் கேட்டால் ஒழுங்கான பதில் கிடைக்காது. உங்கள் ஹோலில், உங்கள் கதிரையில் இருந்து, நீங்கள் வழமையாகப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு எது நல்லது என்று கேட்டால் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு பென் டிரைவும் ஒரு மணித்தியாலப் பொறுமையும் வேண்டும்.

முதல் படி: வீட்டை அளந்து பாருங்கள்

டிவி வைக்கப்போகும் சுவருக்கும் நீங்கள் அமரும் கதிரைக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். 4கே டிவிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, திரையின் மூலைவிட்ட அளவைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம். 55 அங்குலத்துக்கு அது ஏழடி, 65 அங்குலத்துக்கு எட்டடிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கு நல்ல தரமான படத்துக்கு மட்டும் பொருந்தும். பழைய தரத்தில் வரும் சனல்களை இவ்வளவு கிட்ட இருந்து பார்த்தால் குறைகள் எல்லாம் கண்ணில் குத்தும். ஆகவே எங்கள் வீடுகளுக்கு நான் சொல்வது இப்படி: ஆறு ஏழடி தூரமென்றால் 43 அங்குலம், எட்டு ஒன்பதடி என்றால் 50 அல்லது 55, பத்தடிக்கு மேலென்றால்தான் 65.

அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அலுமாரிக்கோ மேசைக்கோ தேவை அகலம். 43 அங்குல டிவி ஏறக்குறைய 95 சென்ரிமீற்றர் அகலம் வரும், 55 அங்குலம் 122, 65 அங்குலம் 144. கால்கள் இரண்டும் இரண்டு ஓரத்தில் இருக்கும் மொடல்களுக்கு மேசையும் அந்த அளவு நீளமாக வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கி, பிறகு மேசை தேடி அலைபவர்கள் நிறைய.

அடுத்தது வெளிச்சம். எங்கள் பக்கத்து வீடுகளில் முன்கதவு நேரே ஹோலுக்குத்தான் திறக்கும். காற்றுக்காக யன்னலும் பெரிதாக இருக்கும். பகலில் கதவைச் சாத்தி டிவி பார்ப்பவர்கள் குறைவு. டிவி வைக்கப்போகும் இடத்தில் நின்று, கதிரையின் பக்கம் போனைப் பிடித்துக் காலை ஒன்பது மணிக்கு ஒரு படம், பின்னேரம் நாலு மணிக்கு ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் எந்த யன்னல், எந்தக் கதவு பளிச்சென்று தெரிகிறதோ அதுதான் டிவித் திரையிலும் தெரியப்போகிறது. சுவரை மாற்ற முடியுமென்றால் இப்போதே மாற்றுங்கள். முடியாவிட்டால் பிரகாசம் கூடிய, பளபளப்புக் குறைந்த திரை வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யார் எங்கே இருந்து பார்ப்பார்கள்? கிரிக்கெட் மெச் நாளில் பாயிலும் கதவடியிலும் பக்கத்துக் கதிரையிலும் ஆட்கள் நிறைந்திருக்கும் வீடா, அல்லது இரண்டு பேர் நேரே இருந்து பார்க்கும் வீடா? எந்தப் பனலை, அதாவது எந்த வகைத் திரையை, தெரிவு செய்வது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

இரண்டாம் படி: நீங்கள் உண்மையில் எதைப் பார்க்கிறீர்கள்?

4கே திரையில் 3840 க்கு 2160 என்ற கணக்கில் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. பால் (PAL) என்ற பழைய ஒளிபரப்பு முறைத் தரத்தில் வரும் சனலின் படத்தில் இருப்பது 720 க்கு 576, அதாவது நாலு இலட்சத்துச் சொச்சம். சரியாக இருபதில் ஒரு பங்கு. மிச்சப் பத்தொன்பது பங்கையும் டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். இந்த ஊகிக்கும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் புரொசெசர். ஒரே விலையில் ஒரே அளவில் இருக்கும் இரண்டு டிவிகளில் செய்தியும் நாடகமும் வெவ்வேறு தரத்தில் தெரிவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

ஆகவே ஒரு கிழமைக்கு உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். டயலொக் டிவியிலோ பியோ டிவியிலோ சக்தி, வசந்தம், இந்தியச் சனல்கள்தான் கூடுதலா? அப்படியென்றால் குறைந்த தரப் படத்தை நன்றாகக் காட்டும் டிவிதான் உங்களுக்கு வேண்டும். 4கே, 8கே என்ற எழுத்தைப் பார்த்துக் காசு கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. யூடியூப்பும் நெட்பிளிக்ஸும்தான் கூடுதலென்றால் உங்கள் இணைய வேகத்தைப் பாருங்கள். நெட்பிளிக்ஸ் 4கேக்குச் செக்கனுக்கு 15 மெகாபிட்டும், முழு எச்டிக்கு 5 மெகாபிட்டும் தேவை என்கிறது. 4கே என்றால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7 ஜிபி வரை போகும். பைபர் இணைப்பு இருக்கும் வீட்டுக்கு அது பிரச்சினையில்லை. படுவான்கரைப் பக்கம் 4ஜி ரவுட்டரில், அளந்த டேட்டாவில் ஓட்டும் வீட்டுக்கு அது பெரிய செலவு. பின்னேரம் ஏழு மணிக்கு மேல், எல்லாரும் பாவிக்கும் நேரத்தில், வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் அளப்பதால் பலனில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். புது 4கே டிவி வாங்கி, பழைய சட்டிலைட் பொக்ஸை மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரிலேயே மாட்டி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்த மஞ்சள் வயரால் எச்டி படம் வரவே வராது. பொக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த வயரை மாட்டுங்கள். இல்லாவிட்டால் டிவிக் காசில் ஒரு பங்கை ஒதுக்கி எச்டி பொக்ஸுக்கு மாறுங்கள். எந்த விலையுயர்ந்த பனலும் தராத மாற்றத்தை இது தரும்.

மூன்றாம் படி: பெட்டியில் எழுதியிருப்பதை வாசிப்பது

எல்இடி, கியூலெட், ஓலெட் என்று மூன்று பெயர் கேட்பீர்கள். எல்இடியும் கியூலெட்டும் ஒரே குடும்பம்: பின்னால் விளக்கு, முன்னால் எல்சிடித் திரை. கியூலெட்டில் நிறத்தைக் கூட்டிக் கொடுக்கும் குவாண்டம் டொட் என்ற படலம் மேலதிகமாக இருக்கும். ஓலெட் வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் நாள் முழுக்க ஒரே செய்திச் சனல் ஓடும் வீட்டில், மூலையில் நிற்கும் சனல் சின்னம் காலப்போக்கில் ஓலெட் திரையில் தடமாகப் பதிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. வெளிச்சம் நிறைந்த ஹோலுக்கும் அது அவ்வளவு பொருத்தமில்லை. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

எல்சிடித் திரையிலேயே விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏ பனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஐபிஎஸ்ஸைவிட மூன்று நாலு மடங்கு. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் பக்கத்தில் இருந்தும் ஒரே மாதிரித் தெரியும். இரவில் விளக்கணைத்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். மெச் பார்க்க ஆட்கள் கூடும் வீட்டுக்கு ஐபிஎஸ் நல்லது. நேரே இருந்து இரவில் பார்ப்பவருக்கு விஏ. பெட்டியில் இதை எழுதுவதில்லை. திரைக்கு முன் நேரே நின்று ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல ஓரத்துக்கு நடந்துபோங்கள். முகத்தின் நிறம் வெளிறினால் பெரும்பாலும் விஏ. ஒரே மொடல் பெயரில் 43 அங்குலத்துக்கு ஒரு பனலும் 55 அங்குலத்துக்கு வேறொரு பனலும் வருவது வழமை. அதனால் நீங்கள் வாங்கப்போகும் அளவையே பாருங்கள்.

எச்டிஆர் என்ற எழுத்து இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும்படி எடுத்த படம்தான் எச்டிஆர். அந்தப் படத்தைத் திறக்க முடியும் என்பதுதான் அந்த எழுத்தின் அர்த்தம். அதை ஒழுங்காகக் காட்டப் பிரகாசம் வேண்டும். பிரகாசத்தை நிற் என்ற அளவில் சொல்வார்கள். மலிவான டிவிகள் 200 முதல் 350 நிற் வரைதான் தரும். எச்டிஆர் படத்தின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய 600 நிற்றுக்கு மேல் வேண்டும், கூடவே தேவையான இடத்தில் மட்டும் பின்விளக்கை மங்கவைக்கும் வசதியும் வேண்டும். அது இல்லாத டிவியில் டொல்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என்ற எச்டிஆர் வகைச் சின்னங்களுக்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள்.

மோஷன் ரேட் 120, 240 என்று எழுதியிருந்தால், "பனலின் சொந்த வேகம் எத்தனை ஹேர்ட்ஸ்?" என்று கேளுங்கள். ஹேர்ட்ஸ் என்பது திரை செக்கனுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. அநேகமாக 60 என்றுதான் பதில் வரும். கேம் விளையாடும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு 60 போதும். இன்னொன்று: "4கே சப்போட்" என்று எழுதியிருக்கும் சில 32 அங்குல டிவிகளின் திரை 1366 க்கு 768தான். சப்போட் என்ற சொல்லை விட்டுவிட்டுத் திரையின் சொந்தப் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்.

நாலாம் படி: பென் டிரைவைத் தயார் பண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கடைக்காரர் காட்டும் கிளியும் பனிமலையும் நமக்குப் பழக்கமில்லை. உண்மையில் அவற்றின் நிறம் என்ன என்று நமக்குத் தெரியாததால், டிவி காட்டுவது சரியா பிழையா என்று சொல்லவும் முடியாது. நமக்குத் தெரிந்தவற்றை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

உங்கள் போனில் 4கேயில், ஒவ்வொன்றும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, இவற்றை எடுங்கள்.

பின்னேரம் கல்லடிப் பக்கம் நின்று வாவிக்கு மேலே சூரியன் விழும் வானம். செம்மஞ்சளில் இருந்து ஊதாவுக்கு நிறம் மெல்ல மெல்ல மாறும் இடம் அது. நல்ல டிவியில் அந்த மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும். மட்டமான டிவியில் வானம் பட்டை பட்டையாக உடைந்து நிற்கும்.

அம்பாறைப் பக்கத்து வயல்வெளி, குடலை தள்ளும் பருவத்தில். பயிரின் பச்சை உங்களுக்கு நன்றாகத் தெரியும். டிவியில் அது பிளாஸ்ரிக் பச்சையாக எரிந்தால் நிறம் கூடிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டு ஆட்களின் முகங்கள், யன்னல் வெளிச்சத்தில். மூன்று வெவ்வேறு நிறமுள்ள முகங்கள் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் தோல் நிறத்தைச் சரியாகக் காட்டுவதுதான் டிவிக்குக் கடினமான பரீட்சை. கொம்பனிக் காட்சிகளில் இந்த நிறங்களைப் பார்ப்பது அரிது. பல டிவிகள் மாநிறத்தைச் சிவப்பாக்கும், கறுப்பு நிறத்தை நீலமாக்கும். முகத்தைப் பிழையாகக் காட்டும் டிவியை வேறு எதற்காகவும் வாங்காதீர்கள்.

ஒரு இரவுக் காட்சி. பாண்டிருப்புத் தீமிதிப்பு, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அல்லது ஊரில் இரவில் நடந்த ஒரு கலியாணம். தீயும் இருட்டும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். தணல் வெள்ளையாகப் பொங்காமல் சிவப்பாகவே தெரிகிறதா, பின்னால் இருட்டில் நிற்கும் ஆட்களின் தலைமுடியும் சால்வையும் தனித்தனியாகத் தெரிகிறதா, அல்லது எல்லாம் ஒரு கறுப்புக் கட்டியாகப் போய்விட்டதா என்று பார்க்கலாம்.

வெயிலில் காயும் வெள்ளை வேட்டி. துணியின் மடிப்புகள் தெரிய வேண்டும்.

வீதியோரம் நின்று, கடந்துபோகும் பஸ்ஸின் பலகை. எழுத்து அசையும்போது எவ்வளவு வாசிக்க முடிகிறது என்பது அசைவைக் காட்டும் திறனைச் சொல்லும்.

இவற்றோடு குறைந்த தரத்தில் ஒரு செய்தித் துண்டு, ஒரு கிரிக்கெட் மெச்சின் ஒரு ஓவர், சாதாரண சாம்பல் நிறம் மட்டும் நிரம்பிய ஒரு படம், முழுக் கறுப்பு ஒரு படம், முழு வெள்ளை ஒரு படம். கடைசி மூன்றையும் போனிலேயே உருவாக்கலாம்.

தொழில்நுட்பமாக மூன்று கவனம். ஐபோனில் எடுப்பவர்கள் எச்டிஆர் வீடியோவை நிறுத்திவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டிவியும் அதை ஒவ்வொரு விதமாக விளங்கிக்கொண்டு ஒப்பீட்டையே கெடுக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்த வீடியோ வேண்டாம், அது படத்தை நசுக்கிவிடும். வயரால் கணினிக்கு எடுத்துப் போடுங்கள். பென் டிரைவ் பாட்32 (FAT32) என்ற சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, ஆகவே துண்டுகளைச் சின்னதாகவே வையுங்கள்.

ஐந்தாம் படி: கடையில்

கிழமை நாளில், காலையில் போங்கள். சம்பள நாளும் பெருநாள், தீபாவளிக்கு முந்திய வாரமும் வேண்டாம். கூட்டம் இல்லாதபோதுதான் கடையில் நிற்கும் தம்பிக்கும் உங்களோடு மினக்கெட நேரம் இருக்கும்.

உங்கள் தெரிவை இரண்டு அல்லது மூன்று டிவிகளாகக் குறைத்துக்கொண்டு, "தம்பி, ஒள்ளுப்பம் ரிமோட்டைத் தாங்க, இதை வீட்டு மோட்டுக்கு மாத்திப் பாப்பம்" என்று கேளுங்கள். இது மிக முக்கியம். ஷோரூம் டிவிகள் கடை மோட்டில் ஓடும். அதில் பிரகாசம் உச்சத்தில் இருக்கும். நீங்கள் ஒரு செற்றிங்கை மாற்றினாலும் சில நிமிடத்தில் அது தானாகப் பழையபடி திரும்பிவிடும். சாம்சங்கிலும் எல்ஜியிலும் பொது செற்றிங் பகுதிக்குள் வீடு, கடை என்று தெரிவு செய்யும் இடம் இருக்கிறது. மாற்றின பிறகு படமுறையை விவிட் அல்லது டைனமிக்கில் இருந்து சினிமா அல்லது பில்ம்மேக்கர் மோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பில்ம்மேக்கர் மோட் என்பது டிவிக் கொம்பனிகளும் படத் தயாரிப்பு நிறுவனங்களும் சேர்ந்த யூஎச்டி எலையன்ஸ் 2019 இல் அறிமுகப்படுத்தியது. இயக்குநர் பார்த்த நிறத்திலேயே படத்தைக் காட்டுவது அதன் நோக்கம்.

மாற்றின உடனே படம் மங்கி மஞ்சளாகிவிட்டதுபோல் தோன்றும். கண் நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகியிருப்பதால் அப்படி. பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பிறகு பழைய முறைக்குத் திரும்பினால் அதுதான் நீலமாகத் தெரியும்.

ஒப்பிடும் டிவிகள் எல்லாவற்றிலும் ஒரே துண்டு, ஒரே படமுறை. அவற்றுக்கு மேலே இருக்கும் விளக்கை முடிந்தால் அணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அளந்த தூரத்தில் நில்லுங்கள். திரையில் இருந்து இரண்டடியில் நின்று பார்த்து வாங்கினால், வீட்டில் ஒன்பதடியில் தெரியாத விஷயத்துக்குக் காசு கொடுத்திருப்பீர்கள்.

முதலில் முகத்தைப் பாருங்கள், பிறகு இரவுக் காட்சியை, அதற்குப் பிறகு செய்தித் துண்டை. இந்த மூன்றில் தோற்ற டிவிக்கு அடுத்த பரீட்சை தேவையில்லை. செய்தித் துண்டில் வாசிப்பவரின் தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா, கீழே ஓடும் எழுத்தின் விளிம்பு நடுங்குகிறதா, பின்னணியில் எறும்பு ஊருவதுபோல் புள்ளிகள் துடிக்கின்றனவா என்று கவனியுங்கள்.

பிறகு கிரிக்கெட். கமரா பந்தைத் துரத்தி மைதானத்தின் குறுக்கே ஓடும்போது பச்சையின் மேல் அழுக்குத் திட்டுகள் நகராமல் நிற்பதுபோல் தெரிகிறதா? பனலின் வெளிச்சம் சீராகப் பரவவில்லை என்று அர்த்தம். மெச்சும் உதைபந்தும் பார்க்கும் வீட்டுக்கு அது தினமும் உறுத்தும். சாம்பல் படத்தைப் போட்டால் அதே திட்டுகள் இன்னும் தெளிவாகத் தெரியும். கறுப்புப் படத்தில் நாலு மூலையையும் பாருங்கள், வெளிச்சம் கசிந்தால் அங்கேதான் கசியும். ஒரே மொடலில்கூடப் பனலுக்குப் பனல் இது வேறுபடும். அதனால் கடையில் பார்த்ததற்கும் பெட்டியில் இருந்து வருவதற்கும் வித்தியாசம் இருந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்று அப்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் எல்லாமே சுமார்தான். பேசும் குரல் தெளிவாக இருந்தால் போதும். எச்டிஎம்ஐ துளை மூன்று இருந்தால் நல்லது, அதில் ஒன்றில் ஏஆர்சி (ARC) என்று எழுதியிருந்தால் டிவியின் சத்தத்தை அந்த வயராலேயே வெளியே எடுக்கலாம், பிறகு சவுண்ட் பார் வாங்கும்போது உதவும்.

மென்பொருளில் மட்டும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். மலிவான சில ஸ்மார்ட் டிவிகளில் இருப்பது கூகுளின் அங்கீகாரம் பெறாத வெறும் அன்ட்ரொயிட். அவற்றில் நெட்பிளிக்ஸ் ஓடாது, அல்லது ஓடினாலும் குறைந்த தரத்தில் ஓடும். கூகுள் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன், ஹைசென்ஸின் விடா என்று இருந்தால் பயமில்லை. கடையின் வைபையில், இல்லாவிட்டால் உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் யூடியூப்பைத் திறந்து பாருங்கள். மெனு இழுபட்டுக்கொண்டே போனால் இரண்டு வருடத்தில் இன்னும் மோசமாகும்.

ஆறாம் படி: காசும் பற்றுச்சீட்டும்

2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். சொல்லும் விலை வரியோடா, வரி தனியா என்று முதலில் கேளுங்கள். தவணைக்கு எடுப்பதென்றால் மாதக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் பெருக்கிப் பாருங்கள். உதாரணத்துக்கு, கைக்காசுக்கு 180,000 ரூபா என்ற டிவியை மாதம் 9,500 வீதம் 24 மாதத்துக்குக் கட்டினால் மொத்தம் 228,000 ரூபா. மேலதிகமாகப் போகும் 48,000 ரூபாவுக்கு அடுத்த தர டிவியே வரக்கூடும். வட்டியில்லாத கிரெடிட் கார்ட் தவணை கிடைத்தால் அது வேறு கதை.

பில்லில் மொடல் இலக்கம், தொடர் இலக்கம், திகதி, உத்தரவாதக் காலம் நாலும் இருக்க வேண்டும். உத்தரவாதம் பனலுக்கும் உண்டா, பழுதானால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, இல்லை கொழும்புக்கு அனுப்புவதா, அனுப்பும் செலவு யாருடையது என்று கேளுங்கள். திருக்கோவிலில் இருப்பவருக்கும் வாகரையில் இருப்பவருக்கும் இந்தக் கேள்வி விலையைவிட முக்கியம். மின்னல் அடித்ததும் திரை உடைந்ததும் வழமையாக உத்தரவாதத்துக்குள் வராது. கடை ஏமாற்றினால், பில் தர மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம்.

வளைகுடாவில் இருந்து வரும்போது கொண்டுவரும் டிவி என்றால், பின்பக்க ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ற் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் ஓடும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கின நாட்டுக்குள் மட்டும்தான். இங்கே அந்த மொடலுக்குப் பாகம் கிடைக்குமா என்று முன்கூட்டியே ஒரு திருத்துநரிடம் விசாரித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வீட்டில் மாட்டுவதும் செற்றிங்கும்

ஆட்டோவில் ஏற்றினாலும் வானில் ஏற்றினாலும் பெட்டி நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்து ஒரு பள்ளத்தில் விழுந்தால் திரை வெடிக்கும். கடைக்காரரே கொண்டுவந்து இறக்கித் திறந்து காட்டினால் அந்த வசதியை விடாதீர்கள். போட்டவுடன் கறுப்பு, வெள்ளை, சாம்பல் படங்களைக் காட்டி, இறந்த (ஒளிராத) புள்ளி, மூலைக் கசிவு எல்லாம் அவர்கள் நிற்கும்போதே பாருங்கள்.

சீமெந்துக் கல் சுவரில் மாட்டுவதென்றால் உள்ளே பொள்ளலான கல்லுக்குரிய அங்கர் ஆணிதான் பாவிக்க வேண்டும். உயரம், திரையின் நடு நீங்கள் இருக்கும்போது கண்ணுக்கு நேரே வரும்படி. அலுமாரிக்கு மேலே, கூரைக்குக் கிட்ட மாட்டினால் கழுத்து நோகும், விஏ பனலில் படமும் வெளிறும்.

இனிச் செற்றிங். படமுறை சினிமா அல்லது பில்ம்மேக்கர். நிற வெப்பம் வோம் (Warm). ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள், முகத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு மறையும் வரை. அது கூடக்கூடப் படம் தெளிவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லாத விளிம்பை வரைவதுதான் அதன் வேலை. அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கைப் படம் பார்க்கும்போது நிறுத்துங்கள். செக்கனுக்கு 24 சட்டத்தில் (பிரேமில்) எடுத்த சினிமா, அது ஓடினால் நாடகம்போல் வழுக்கும். கிரிக்கெட்டுக்கு ஒள்ளுப்பம் வைத்துக்கொள்ளலாம். மின்சாரச் சேமிப்பு முறை தானாகப் படத்தை மங்கவைக்கும், அதை நிறுத்திவிட்டுப் பின்விளக்கை நீங்களே கையால் சரிபண்ணுங்கள். பகலுக்கு ஒரு அளவு, இரவுக்கு ஒரு அளவு. கரண்ட் பில்லுக்குப் பயப்படுபவர்களுக்குக் கணக்கு: 100 வோற் டிவி தினம் ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 15 யூனிற்.

சட்டிலைட் பொக்ஸின் செற்றிங்குக்குள்ளும் போங்கள். வெளியீட்டை 1080க்கும், வடிவத்தை 16:9க்கும் வையுங்கள். டிவியில் ஸ்கிரீன் பிற் அல்லது ஜஸ்ற் ஸ்கான் என்று இருப்பதைப் போட்டால் படத்தின் ஓரம் வெட்டுப்படாது. பழைய சனலுக்கு மட்டும், துடிக்கும் புள்ளிகளைக் குறைக்கும் நொய்ஸ் ரிடக்‌ஷனை நடுத்தர அளவில் வையுங்கள், எச்டிக்கு நிறுத்துங்கள்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழ்கிற எங்களுக்கு உப்புக்காற்றும் ஈரமும் ஒரு தனிப் பிரச்சினை. டிவியின் பின்பக்கத்தைக் கடல் பார்த்த யன்னலுக்கு முன் வைக்காதீர்கள். மாரிகாலத்தில் கிழமைக்கணக்கில் மூடி வைக்காமல் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், உள்ளே இருக்கும் சூடு ஈரத்தைப் போக்கும். திரையைக் காய்ந்த மைக்ரோபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், எதையும் நேரே தெளிக்க வேண்டாம். திடீரென்று ஏறும் கரண்டில் இருந்து காக்கும் நல்ல சேர்ஜ் கார்ட் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஆனால் ஐப்பசியில் பின்னேர இடி தொடங்கினால் அதை நம்பி இருக்காமல் பிளக்கைக் கழற்றுங்கள், கூடவே அன்ரனா அல்லது டிஷ் வயரையும் கழற்றுங்கள். கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றி வைத்த வீடுகளிலும் அந்த வயர் வழியாக மின்னல் இறங்கி, எச்டிஎம்ஐ பக்கம் முழுக்கக் கருகிப்போயிருக்கிறது.